புழு மனையின் கணக்கு ஒரு கோப்பில்: ஆர்டுயினோவுக்கு சீரியல் வழியாக அமைப்புகளை அனுப்புவது எப்படி?

பட்டுப்புழு நான்கு முறை தோலுரித்து, ஐந்து பருவங்களைக் கடந்த பிறகுதான் கூடு கட்டும். முட்டை பொரிந்ததிலிருந்து கூடு கட்டத் தொடங்கும் வரை ஏறக்குறைய 25 நாள். இந்த நாட்களில் அதற்கு வேண்டிய சூடும் ஈரமும் ஒரே அளவில் நிற்பதில்லை. முதல் பருவத்தில் 28 டிகிரி சூடும் 85 முதல் 90 சதவீத ஈரப்பதமும் வேண்டும். பருவம் ஏற ஏற இரண்டும் இறங்கும். ஐந்தாம் பருவப் புழுவுக்கு 24 டிகிரியும் 65 முதல் 70 சதவீதமும் போதும். முதல் பருவத்துக்கான ஈரத்தை ஐந்தாம் பருவத்தில் வைத்தால் படுக்கை புழுங்கி நோய் வரும்.

உடுமலைப்பேட்டை வட்டாரத்தில் வெண்பட்டுக்கூடு எடுக்கும் விவசாயிகளுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். பெரும்பாலோர் இளம்புழு வளர்ப்பு மையத்திலிருந்து இரண்டாம் தோலுரிப்பு முடிந்த புழுவை வாங்கி வருகிறார்கள். அதனால் மூன்றாம் பருவம் முதல் கூடு வரைதான் அவர்கள் பொறுப்பு. மனையில் ஈரப்பதமூட்டி, எக்ஸாஸ்ட் ஃபேன், மார்கழிக் குளிருக்கு ஹீட்டர் என்று எல்லாம் இருக்கும். இவற்றை ஒரு ஆர்டுயினோ போர்டு தானாக இயக்குவது இன்று பெரிய வித்தை இல்லை. கோவை, திருப்பூர், ஈரோடு பக்கப் பொறியியல் கல்லூரி மாணவர்கள் இறுதி ஆண்டுத் திட்டமாகவே செய்து தருகிறார்கள்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வருகிறது. அந்த 28, அந்த 85 இரண்டும் நிரலுக்குள் எழுதப்பட்டிருக்கும். மாற்ற வேண்டுமானால் லேப்டாப்பில் நிரலைத் திறந்து, திருத்தி, போர்டில் மறுபடி ஏற்ற வேண்டும். செய்து கொடுத்தவர் படிப்பு முடிந்து வேலைக்குப் போயிருப்பார். "ஏனுங் தம்பி, புழு மூணாந் தோலு உரிச்சிருச்சு. இனி நம்பர எங்கீங்க மாத்தோணும்?" என்று மனைக்காரர் போனில் கேட்கும்போது சொல்லப் பதில் இருக்காது.

பதில் இதுதான்: எண்களை நிரலிலிருந்து வெளியே எடுத்து, அவர் நோட்பேடில் திறந்து திருத்தக்கூடிய ஒரு கோப்பில், தமிழிலேயே எழுதி வைப்பது. அந்தக் கோப்பைக் கணினி படித்து, யூஎஸ்பி கம்பி வழியாக போர்டுக்குச் சொல்லும். அதைச் செய்யும் வழியை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். பைத்தானும் ஆர்டுயினோவும் கொஞ்சம் தொட்டுப் பார்த்தவர்களுக்கானது இது. கட்டளைப் பெயர்களை இங்கே உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன், நிரலில் அவற்றை ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் வேலையைப் பிரியுங்கள்

எதைக் கணினி செய்யும், எதை போர்டு செய்யும் என்பதை நிரல் எழுதும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். பலர் செய்யும் முறை இது: கணினி சென்சாரின் அளவைக் கேட்டு வாங்கி, தானே யோசித்து, "ஃபேனைப் போடு, ஹீட்டரை நிறுத்து" என்று போர்டுக்கு ஆணை அனுப்பும். இந்த முறை வேண்டாம். கணினி ஒரு அப்டேட்டுக்காக நின்றாலோ, யாராவது கம்பியைப் பிடுங்கினாலோ, ஹீட்டர் போட்ட நிலையிலேயே கிடக்கும்.

சென்சாரைப் படிப்பது, வரம்போடு ஒப்பிடுவது, ரிலேயைப் போட்டு அணைப்பது மூன்றும் போர்டின் வேலையாக இருக்கட்டும். கணினிக்கு இரண்டே வேலை. வரம்பு மாறினால் போர்டுக்குச் சொல்வது ஒன்று, போர்டு சொல்லும் அளவுகளைக் குறித்து வைப்பது இன்னொன்று. கணினியே இல்லாவிட்டாலும் கடைசியாகச் சொன்ன வரம்பில் மனை ஓட வேண்டும்.

கோப்பு எப்படி இருக்க வேண்டும்

ஐஎன்ஐ என்ற பழைய எளிய வடிவமே போதும். சதுர அடைப்பில் பகுதியின் பெயர், அதன் கீழ் வரிக்கு ஒரு பெயரும் மதிப்பும். ஜேசான் வடிவத்தில் ஒரு காற்புள்ளி விட்டுப்போனாலும் முழுக் கோப்பையும் படிக்க முடியாது. வயலிலிருந்து வந்து கை கழுவிவிட்டு ஓர் எண்ணை மாற்றுபவருக்கு அது சரிவராது. கோப்பு இப்படி இருக்கட்டும்:

[தொடர்பு]
போர்ட் எண் = 3
வேகம் = 9600
காத்திருப்பு = 2

[மனை]
# தோலுரிப்பு முடிந்ததும் இந்த ஓர் எண்ணை மட்டும் மாற்றவும்
பருவம் = 3
எச்சரிக்கை மணி = ஆம்

[பருவம் 3]
வெப்பம் = 26
ஈரப்பதம் = 80

[பருவம் 4]
வெப்பம் = 25
ஈரப்பதம் = 75

[பருவம் 5]
வெப்பம் = 24
ஈரப்பதம் = 70

மனைக்காரர் வழக்கமாகத் தொடப்போவது 'பருவம்' என்ற ஒரு வரியைத்தான். மற்றவை பட்டு வளர்ச்சித் துறை அலுவலர் வந்து பார்த்து "இன்னும் ரெண்டு சதவீதம் குறைங்க" என்றால் மாற்றுவதற்கு. கூடு கட்டும் நாட்களுக்குத் தனியாக ஒரு பகுதி சேர்த்துக்கொள்ளலாம். அப்போது ஈரப்பதம் 65-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது.

எதைக் கோப்பில் வைக்கக் கூடாது என்பதும் முக்கியம். ரிலே அடிக்கடி 'டக் டக்' என்று அடிக்காமலிருக்க அரை டிகிரி இடைவெளி விடுவோம்; ஃபேன் ஒருமுறை நின்றால் மூன்று நிமிடமாவது கழித்துத்தான் ஓட வேண்டும் என்று வைப்போம். இவை புழுவின் கணக்கு அல்ல, மோட்டாரின் கணக்கு. போர்டின் நிரலுக்குள்ளேயே இருக்கட்டும்.

தமிழ்க் கோப்பைப் பைத்தான் படிக்கும்போது

பைத்தானோடு கூடவே வரும் 'கான்ஃபிக்பார்சர்' இந்த வடிவத்தைப் படிக்கும். தமிழ்ப் பெயர்களையும் படிக்கும். ஆனால் வழியில் ஐந்தாறு குழிகள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பாடங்கள் இவற்றில் பலவற்றைச் சொல்வதில்லை, அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

கான்ஃபிக்பார்சரின் 'ரீட்' கட்டளைக்குக் கோப்பின் பெயரைக் கொடுத்தால், அந்தக் கோப்பு இல்லாவிட்டாலும் அது வாய் திறக்காது. பிழை எதுவும் காட்டாமல் அடுத்த வரிக்குப் போய்விடும். பிறகு 'மனை' என்ற பகுதி இல்லை என்று வேறெங்கோ பிழை வரும். நீங்கள் அங்கே தேடிக்கொண்டிருப்பீர்கள். அதனால் 'ரீட்' வேண்டாம். கோப்பை நீங்களே 'ஓப்பன்' கட்டளையால் திறந்து, முழு எழுத்தையும் வாங்கி, 'ரீட்_ஸ்ட்ரிங்' என்ற கட்டளைக்குக் கொடுங்கள். கோப்பு இல்லையென்றால் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். கோப்பின் முழுப் பாதையையும் எழுதுங்கள். கணினி தொடங்கும்போது நிரல் தானாக ஓடும்படி வைத்தால், அது எந்த ஃபோல்டரில் நின்று ஓடும் என்பது உங்கள் கையில் இல்லை.

திறக்கும்போது எழுத்துமுறை 'யூடிஎஃப்-8-சிக்' என்று குறிப்பிடுங்கள். எதுவும் சொல்லாமல் விட்டால் விண்டோஸில் வேறு எழுத்துமுறையில் படிக்க முயன்று தமிழ் சிதையலாம். வெறும் 'யூடிஎஃப்-8' என்று எழுதினால், சில எடிட்டர்கள் கோப்பின் தலையில் வைக்கும் கண்ணுக்குத் தெரியாத அடையாளம் முதல் வரியோடு ஒட்டிக்கொண்டு, பகுதித் தலைப்பு இல்லை என்று பிழை வரும். 'சிக்' சேர்த்தால் அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரியாகப் படிக்கும். 2019-க்கு முந்தைய விண்டோஸ் நோட்பேட் என்றால், சேமிக்கும் பெட்டியில் யூடிஎஃப்-8-ஐ நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும்.

அடுத்தது தமிழுக்கே உரிய சிக்கல். 'போர்ட்' என்ற சொல்லில் உள்ள 'போ'வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுத முடியும். 'ப'வுக்குப் பின் ஓகாரக் குறி ஒன்றாக வரலாம். அல்லது இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக வரலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், பைத்தானுக்கோ அவை இரண்டு வேறு சொற்கள். கோப்பை ஒரு விசைப்பலகையில் அடித்து, நிரலை இன்னொன்றில் அடித்தால், கண்ணெதிரே இருக்கும் பெயரை "இல்லை" என்று நிரல் சொல்லும். 'தொடர்பு' என்ற தலைப்புக்கும் இதே கதைதான். மருந்து எளிது. 'யூனிகோட்டேட்டா' என்ற நூலகத்தின் 'நார்மலைஸ்' கட்டளையை 'என்எஃப்சி' என்ற முறையில் முழு எழுத்தின் மீதும் ஒருமுறை ஓட்டிவிட்டு, அதன் பிறகு ரீட்_ஸ்ட்ரிங்குக்குக் கொடுங்கள். நிரலில் நீங்கள் தேடும் பெயர்களையும் அதே முறையில் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஈரப்பதம் என்றதும் யாராவது 80% என்று எழுதிவிடுவார்கள். அது இயல்பு, தவறு சொல்ல முடியாது. ஆனால் கான்ஃபிக்பார்சருக்குச் சதவீதக் குறி ஒரு தனிக் கட்டளை. அந்த மதிப்பைக் கேட்ட உடனே பிழை காட்டும். கான்ஃபிக்பார்சரை உருவாக்கும்போதே 'இன்டர்போலேஷன்' என்பதற்கு 'நன்' என்று கொடுத்துவிடுங்கள். பிறகு மதிப்பை எழுத்தாகவே வாங்கி, சதவீதக் குறியையும் இடைவெளியையும் நீக்கிவிட்டு எண்ணாக மாற்றுங்கள். தமிழ் எண்களில் ௮௦ என்று எழுதினாலும் பைத்தான் அதை 80 என்றே படிக்கும் என்பது ஒரு மகிழ்ச்சியான செய்தி.

குறிப்புகளைத் தனி வரியில், வரியின் தொடக்கத்திலேயே # போட்டு எழுதச் சொல்லுங்கள். மதிப்புக்குப் பக்கத்தில் எழுதினால் அந்தக் குறிப்பும் மதிப்போடு சேர்ந்துவிடும். 'ஆம்', 'இல்லை' என்ற சொற்களை ஏற்க வைப்பதற்கு கான்ஃபிக்பார்சரில் 'பூலியன்_ஸ்டேட்ஸ்' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் இந்த இரண்டையும் கொடுத்துவிட்டால் 'கெட்பூலியன்' கட்டளை அவற்றைப் புரிந்துகொள்ளும்.

கடைசியாக எல்லை பாருங்கள். வெப்பம் 20-க்கும் 32-க்கும் இடையில், ஈரப்பதம் 50-க்கும் 95-க்கும் இடையில் இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். 26 என்று அடிக்கப்போய் 62 என்று விழுந்தால் நிரல் அதை போர்டுக்கு அனுப்பவே கூடாது. "வெப்பம் 62 என்று இருக்கிறது, 20 முதல் 32 வரைதான் ஏற்பேன், பழைய அளவே ஓடுகிறது" என்று திரையில் தமிழில் சொல்ல வேண்டும்.

போர்ட்டைத் திறப்பது

இதற்கு 'பைசீரியல்' என்ற நூலகத்தைத் தனியாக நிறுவ வேண்டும். விண்டோஸில் போர்ட்டின் பெயர் 'காம்' என்ற மூன்று ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும். எழுத்தை நிரலே முன்னால் சேர்த்துக்கொள்ளட்டும். கோப்பில் எண் மட்டும் போதும். எந்த எண் என்பதை டிவைஸ் மேனேஜரில் பார்க்கலாம். விலை குறைந்த ஆர்டுயினோ போர்டுகளில் சிஎச்340 என்ற சிப் இருக்கும். அதற்கான டிரைவர் இல்லையென்றால் அங்கே மஞ்சள் குறி தெரியும். இந்த வகை போர்டை வேறு யூஎஸ்பி ஓட்டையில் செருகினால் எண் மாறிவிடுவதும் உண்டு. அதனால் செருகிய ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். லினக்ஸ் அல்லது ராஸ்பெரி பை என்றால் போர்ட்டின் முழுப் பாதையைக் கோப்பில் எழுத வேண்டும்; பயனரை 'டயல்அவுட்' குழுவில் சேர்க்கவும் வேண்டும், இல்லையென்றால் அனுமதி மறுக்கப்படும்.

வேகம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். 9600 என்றால் நொடிக்கு 960 எழுத்து போகும்; நம் வேலைக்கு அது தாராளம். வேகம் பொருந்தாவிட்டால் பிழை வராது, குப்பை எழுத்துகள்தான் வரும்.

ஊனோ ஆர்3 போர்டில், கணினி போர்ட்டைத் திறந்த உடனே போர்டு ரீசெட் ஆகும். அது விழித்துக்கொள்ள ஒன்றிரண்டு நொடி பிடிக்கும். அதற்குள் அனுப்பியது காற்றோடு போய்விடும். கோப்பில் உள்ள 'காத்திருப்பு = 2' அதற்குத்தான். ஒவ்வொரு செய்திக்கும் போர்ட்டைத் திறந்து மூடினால் ஒவ்வொரு முறையும் மனையின் கட்டுப்பாடே ரீசெட் ஆகும். ஒருமுறை திறந்து, திறந்தபடியே வைத்திருங்கள். ஆர்டுயினோ மென்பொருளின் சீரியல் மானிட்டர் திறந்திருந்தால் உங்கள் நிரலுக்கு போர்ட் கிடைக்காது என்பதும் நினைவிருக்கட்டும்.

கம்பியில் போகும் செய்தி

கோப்பு தமிழில் இருக்கலாம், கம்பியில் போவது தமிழில் வேண்டாம். யூடிஎஃப்-8-இல் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட் ஆகும். ஊனோ ஆர்3-இன் ரேம் நினைவகமே 2 கிலோபைட், சீரியல் வரவுக்கு ஒதுக்கியது 64 பைட். ஓர் ஆங்கில எழுத்து, பிறகு எண்கள், கடைசியில் ஒரு சரிபார்ப்பு எண், வரி முடிவு. அவ்வளவு போதும். தசமப் புள்ளியைத் தவிர்க்க வெப்பத்தைப் பத்தால் பெருக்கி அனுப்புங்கள். 26 டிகிரி, 80 சதவீதம் என்றால் செய்தி 'எஸ்,260,80' என்று இருக்கும்.

சரிபார்ப்பு எண் போடுவதைக் கையாலேயே ஒருமுறை செய்து பாருங்கள். ஆஸ்கி அட்டவணையில் பெரிய எஸ் 83, காற்புள்ளி 44, '2' 50, '6' 54, '0' 48, மறுபடி காற்புள்ளி 44, '8' 56, '0' 48. கூட்டினால் 427. அதை 256-ஆல் வகுத்தால் மீதி 171. ஆக 'எஸ்,260,80,171' என்று அனுப்புகிறோம். போர்டும் இதே கூட்டலைப் போட்டுப் பார்த்து, 171 வந்தால் ஏற்கும், வராவிட்டால் ஒதுக்கும். 260 என்பது 206 என்று இடம் மாறினால் இந்தக் கூட்டலில் தெரியாது. அதனால் போர்டு தான் புரிந்துகொண்ட எண்களையே பதிலாகத் திருப்பிச் சொல்லட்டும். கணினி ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தினால்தான் திரையில் "போர்டு ஏற்றுக்கொண்டது" என்று காட்ட வேண்டும்.

இவ்வளவு எதற்கு என்று கேட்கலாம். மனையில் அதே பேனலில் கான்டாக்டர் விழுந்து எழும். அதன் மின் இரைச்சல் யூஎஸ்பி கம்பியில் ஏறும். கம்பி நீளம் 5 மீட்டருக்குள் இருக்கட்டும். வீட்டிலிருந்து தோட்டத்து மனை வரை போக வேண்டுமானால் யூஎஸ்பி உதவாது. ஆர்எஸ்-485 மாட்யூல் இரு முனையிலும் வைத்தால் ஒரு கிலோமீட்டருக்கு மேலும் போகும்.

கணினிப் பக்கத்தில் 'டைம்அவுட்' கண்டிப்பாக வையுங்கள். வைக்காவிட்டால் பதில் வராதபோது நிரல் அங்கேயே நின்றுவிடும். மூன்று முறை பதில் வராவிட்டால் போர்ட்டை மூடி, திறந்து, மறுபடி முயலட்டும். அப்போதும் வரவில்லையென்றால் மணி அடிக்கட்டும்.

போர்டுப் பக்கம்

வரி முடியும் வரை எழுத்துகளைச் சேர்த்து, முடிந்ததும் பிரித்து, கூட்டிப் பார்த்து, எல்லையையும் மறுபடி பாருங்கள். கணினி பார்த்துவிட்டதே என்று விடாதீர்கள். புதிய வரம்பை ஈஈபிராமில் எழுதுங்கள். கரண்ட் போய் வந்தாலும் அது அங்கே இருக்கும். ஈஈபிராம் இடம் ஒவ்வொன்றும் ஒரு லட்சம் முறை எழுதத்தான் உத்தரவாதம், அதனால் 'ரைட்' கட்டளைக்குப் பதில் 'அப்டேட்' கட்டளையைப் பயன்படுத்துங்கள். மதிப்பு மாறியிருந்தால் மட்டும் எழுதும்.

சென்சாருக்கு டிஎச்டி22 போதும், இரண்டு நொடிக்கு ஒருமுறைக்கு மேல் அதைக் கேட்காதீர்கள். 85 சதவீதத்துக்கு மேல் வேலை செய்யும் இளம்புழு மையமானால் எஸ்எச்டி31 வாங்குவது நல்லது. ஈரப்பதமூட்டியின் முகத்துக்கு நேரே வைக்காமல், புழுத் தட்டின் உயரத்தில் மாட்டுங்கள். தோலுரிப்பு நேரத்தில் படுக்கையில் சுண்ணாம்புத் தூள் தூவும்போது மூடி வையுங்கள். மனையைக் கிருமிநீக்கம் செய்யும் நாளில் கழற்றி வெளியே எடுத்துவிடுங்கள், அந்த மருந்துகள் சென்சாரைக் கெடுக்கும். 230 வோல்ட் வேலை எதையும் எலக்ட்ரீஷியனைக் கொண்டே செய்யுங்கள். கோவையில் கணபதி, பீளமேடு பக்கப் பட்டறைகளில் கேட்டால் ரிலே, கான்டாக்டர், எம்சிபி வைத்து முறையான பேனலே செய்து தருவார்கள்.

கோப்பு மாறியதைக் கண்டுகொள்வது

மனைக்காரர் எண்ணை மாற்றிச் சேமித்தால் போதும், நிரலை நிறுத்தித் தொடங்கச் சொல்லக் கூடாது. நிமிடத்துக்கு ஒருமுறை கோப்பின் கடைசித் திருத்த நேரத்தைப் பாருங்கள். மாறியிருந்தால் முழுவதையும் புதிதாகப் படித்து, எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் போர்டுக்கு அனுப்புங்கள். ஓர் எண் தவறாக இருந்தாலும் பழைய அமைப்பு முழுவதும் அப்படியே தொடரட்டும். பாதி புதிது பாதி பழையது என்று கலக்கக் கூடாது. மாற்றம் நடந்த தேதி, நேரம், பழைய எண், புதிய எண் நான்கையும் ஒரு பதிவுக் கோப்பில் எழுதி வையுங்கள். கூடு சரியாக அமையாத முறை, பட்டு வளர்ச்சித் துறையினரிடமோ, மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் இயங்கும் வேளாண் பல்கலைக்கழகப் பட்டுப்புழுவியல் துறையிலோ காட்டிக் கேட்க அந்தப் பதிவு உதவும்.

சித்திரை வெயிலில் கோப்பில் 24 என்று எழுதியதால் மட்டும் மனை 24-க்கு இறங்கிவிடாது என்பதையும் மனைக்காரரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கூரைக்கு மேல் தென்னங்கீற்று, ஜன்னலில் ஈரச் சாக்கு, நல்ல காற்றோட்டம் எல்லாம் அப்போதும் வேண்டும்.

எல்லாம் பொருத்தியதும் காலி மனையில் இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். மெயின் சுவிட்சை அணைத்துப் போடுங்கள், யூஎஸ்பி கம்பியைப் பிடுங்குங்கள், கோப்பில் வேண்டுமென்றே 62 என்று எழுதுங்கள், 80% என்று எழுதுங்கள் (இது மட்டும் 80 என்றே ஏற்கப்பட வேண்டும்), கோப்பின் பெயரையே மாற்றிப் பாருங்கள். மற்ற ஒவ்வொரு முறையும் போர்டு பழைய வரம்பில் ஓடுகிறதா, திரையில் தமிழில் காரணம் வருகிறதா என்று பாருங்கள். பிறகு மனைக்காரரையே உட்காரவைத்து, நீங்கள் கை வைக்காமல், பருவத்தை மூன்றிலிருந்து நான்காக மாற்றச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடத்தில் கோப்பின் சொல்லை மாற்றுங்கள். இவ்வளவும் முடிந்த பிறகு புழுவை உள்ளே விடுங்கள்.